சாவிக்குப் பூட்டு, பூனைக்கு அலமாரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமா? நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

உதிரிபாகக் கிடங்கில் முப்பது வருடம் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் திருகாணி எந்த அடுக்கில் என்று அன்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது தங்கள் வார இதழின் சொல் உறவுப் புதிர்தான் ஒரே பொழுதுபோக்கு. முதல் ஜோடிக்கு ஒரு வாக்கியம் அமைத்து, அதே வாக்கியத்தில் இரண்டாவது ஜோடியை உட்கார வைத்தால் விடை தானாக வரும். சென்ற மாதம் 'சாவி : பூட்டு :: பூனை : ?' என்று கேட்டிருந்தீர்கள். சாவி பூட்டைத் திறக்கும்; பூனை திறப்பது பால் பாத்திரத்தை. அப்படித்தான் எழுதினேன். மறுவாரம் நீங்கள் அச்சிட்ட விடை 'அலமாரி'. கோபத்தில் கத்திவிட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "சாவியப் பூட்டுலயே மறந்து விட்டுட்டு வர்றீங்கல்ல, அப்படி யோசிச்சுப் பாருங்க" என்றாள். போய்த் திறந்தால், இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த எங்கள் பூனை, நான் பூட்டிய அலமாரிக்குள் என் கம்பளிச் சட்டைமேல் உட்கார்ந்து என்னை முறைத்தது.

தற்செயல் என்று விட்டுவிட்டேன். அடுத்தது 'மூக்குக்கண்ணாடி : நெற்றி :: மைத்துனர் : ?'. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவன் நான். விடை 'மொட்டை மாடி'. இந்த முறை மனைவியின் முகம் வெளிறிவிட்டது. "காலையில எங்கண்ணன் தண்ணித் தொட்டியப் பாக்க மேல போனாரே?" என்றாள். கதவைத் தாழிட்டது நான்தான். வெயிலில் வெந்து இறங்கி வந்த மைத்துனர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதை நான் நஷ்டமாகக் கருதவில்லை. ஆனால் அவர் மாடி ஏறுவதற்கு முன்பே அந்த விடை அச்சாகிவிட்டதே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்று வந்த இதழில் 'குடை : பேருந்து :: மனைவி : ?'. குடையைப் பேருந்தில் மறந்துவிட்டு வருவேன், வாரத்துக்கு ஒன்று. மீதி வாக்கியத்தை மனைவியிடம் கேட்கலாமென்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன். எட்டிப் பார்த்தேன், அங்கே அவள் இல்லை. வாசலில் என் செருப்பு மட்டும் கிடக்கிறது. காலையில் இருவரும் சேர்ந்துதான் எங்கோ கிளம்பினோம். எங்கே என்று நினைவில் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. விடைக்காக அடுத்த வாரம்வரை என்னால் காத்திருக்க முடியாது. இதை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். விடையை உடனே சொல்லிவிடுங்கள். கூடவே, புதிர் போடும் அந்த ஆசாமியை வேலையைவிட்டு நீக்குங்கள்.

தங்கள் இதழும் இல்லமும் குறைவின்றி விளங்க என் மனமார்ந்த வாழ்த்து.

இப்படிக்கு,
முதல் இதழிலிருந்தே தங்கள் வாசகன்

பின்குறிப்பு: உறை தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். வாரம் தவறாமல் புதிர் அனுப்புவதற்கு எனக்கு நன்றி சொல்லித் தங்கள் அலுவலகம் எழுதிய கடிதம் ஒன்று கிடந்தது. அதன் கீழே புதிர்களின் நகல். எல்லாம் என் கையெழுத்தில், மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியில். மனைவிக்கு நேரே 'கண் ஆஸ்பத்திரி' என்று எழுதியிருக்கிறேன். கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். நான் வந்து கையைப் பிடிப்பேன் என்று உட்கார்ந்திருப்பாள் பாவம். ஓடுகிறேன், போகிற வழியில் இதைத் தங்கள் வாசலில் போட்டுவிடுகிறேன். நகலில் அடுத்த கேள்வி 'மனைவி : கண் ஆஸ்பத்திரி :: நான் : ?'. விடையைப் படிக்காமல் மடித்துவிட்டேன். அந்த ஆசாமியை நீக்கச் சொன்னதை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை.