மூன்றரை மணிக்குப் பத்து மீற்றர் திறக்கும்

சித்தாண்டி,
28.03.2025

மதிப்பிற்குரிய மைத்துனர் யோகரெத்தினம் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். அங்கே நோர்வேயில் தாங்களும் இருப்பதாகத் தங்கள் அக்கா சீதேவிப்பிள்ளை சொன்னார். முருகன் கிருபையால் இரண்டு பக்கமும் இப்படியே இருக்கட்டும்.

இது கடிதம், பேச்சல்ல என்பதை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் என் மகள் மேனுகாவின் கலியாணத்தன்று, “இனி நானாக் கூப்பிட்டா என்ட பேர் சீனித்தம்பி இல்ல” என்று நான் சொன்னது சொன்னதுதான். “அத்தான்ட வீட்டுப் பக்கம் தலை வச்சும் படுக்கமாட்டன்” என்று தாங்கள் சொன்னதையும் இன்றுவரை திரும்பப் பெற்றதாகத் தகவல் இல்லை. பெண்ணின் ஒரே தாய்மாமன் வந்து சேருமுன் தாலி கட்டவைத்தது பிழை என்பது தங்கள் கட்சி. மன்னம்பிட்டியில் றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து தங்கள் வேன் நின்றால் அதற்கு நான் என்ன செய்வது, ஐயர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார், முகூர்த்தம் போகிறது, மாமன் இடத்தில் என் சித்தப்பா மகனைப் பிடித்து நிறுத்தினேன், இது என் கட்சி. தாங்கள் வந்தது நாற்பது நிமிடம் பிந்தி. அதைப் பற்றி மேலும் எழுதப் போவதில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்தே உலகத்தோடு கதைக்கும் ஹாம் றேடியோவுக்குத் தாங்கள் அங்கே லைசன்ஸ் எடுத்ததாகக் கேள்விப்பட்டு, ஒரு வருடத்துக்குள் நானும் இங்கே சோதனை எழுதி எடுத்தேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பென்சன்காரனுக்குப் பொழுது போகவேண்டும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கள் அக்கா ஒருநாள், “போன்லதானே கதைக்கமாட்டீங்க? றேடியோவில கதைங்க. அது சத்தியத்துக்குள்ள வராது” என்று தீர்ப்புச் சொல்லி, எனக்கும் தங்களுக்கும் நடுவில் நின்று நாள் குறித்தார். இம்மாதம் பதினான்காம் தேதியிலிருந்து தினமும் எங்கள் நேரம் பின்னேரம் மூன்றரை, தங்கள் நேரம் காலை பதினொன்று. பத்து மீற்றர் அலைவரிசையில் ஓர் இடத்தையும் குறித்துத் தந்தார். இன்றோடு பதினைந்தாம் நாள். நேற்றுவரை பதினான்கு நாளும் நான் அந்த இடத்தில் இருந்தேன். தங்கள் குரலைத்தான் காணவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூரியனில் புள்ளிகள் கூடியிருக்கும் காலத்தில்தான் மேல்வானம் எங்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்பி நோர்வே வரைக்கும் கொண்டுபோகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. புள்ளி குறைந்தால் பத்து மீற்றர் படுத்துவிடும். உச்சம் கடந்துவிட்டது, இனி இறக்கம், அடுத்த உச்சத்துக்குப் பதினொரு வருடம் என்கிறார்கள். எனக்கு அறுபத்தொன்பது. மற்றவர்கள் காலையில் ராசிபலன் பார்க்கிறார்கள், நான் சூரியப் புள்ளிக் கணக்குப் பார்க்கிறேன். குறைந்திருந்தால் எனக்குப் பிட்டு இறங்குவதில்லை.

தடங்கலுக்கும் குறைவில்லை. முதல் மூன்று நாளும் செட்டைப் போட்டால் ஒரே இரைச்சல். வீட்டின் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு பற்றரியில் கேட்டேன், இரைச்சல் போகவில்லை. கையடக்க வானொலியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நடந்தேன், பக்கத்து வளவு ரதீசின் வீட்டுச் சுவரில் போய்க் காதடைத்தது. கட்டாரிலிருந்து வந்தவர் கூரை முழுக்கச் சோலார் போட்டிருக்கிறார், அதன் பெட்டிதான் அலறுகிறது. வெயில் ஏற ஏற அலறலும் ஏறுகிறது. அதாவது, அலைவரிசையைத் திறப்பதும் சூரியன், என் காதை அடைப்பதும் சூரியன். “அரை மணித்தியாலம் அதை நிப்பாட்டேலுமா தம்பி?” என்று போய்க் கேட்டேன். “மாமா, வெயில் இரிக்கக்க நிப்பாட்டச் சொல்றீங்க, மழைக்க போடவா?” என்றார். ஆனாலும் நல்ல பிள்ளை, நிறுத்தினார். நிறுத்திய அரை மணியில் அவருடைய கோழிக்குஞ்சுப் பெட்டி சூடாறிவிட்டது என்று அவர் மனைவி இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பதில்லை.

நாலாம் நாள் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மூன்றேகால் மணிக்கு, நேரம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அலைவரிசையில் வேறோர் இடத்தில் ஓர் இத்தாலிக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்நேரம் பார்த்து நிலோஜன் தன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மரண அறிவித்தல் சொல்லியபடி எங்கள் படலையடியில் நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் நின்று நாங்கள் அனுப்பினால் சில ஒலிபெருக்கிக்குள் எங்கள் சத்தம் புகுந்துவிடும் என்பதும், புகுந்தால் சொல் ஒன்றும் விளங்காமல், வாய் நிறையச் சோற்றோடு ஒருவர் அதட்டுவதுபோல் வரும் என்பதும் தாங்கள் அறிந்ததே. “மாங்கேணியைப் பிறப்பிடமாகவும் சித்தாண்டியை வதிவிடமாகவும் கொண்ட...” என்று நிலோஜன் தொடங்க, உள்ளிருந்து நான் அதட்டியிருக்கிறேன். காலமானவர் உயிரோடிருந்தபோது பல் கட்டாமல், ஊரில் ஒருவரையும் விடாமல் ஏசித் திரிந்த மனிதர். சனம் அப்படியே நின்றுவிட்டது. “அவர்தான். அதே சத்தம். தண்ணி கேக்கிறார்” என்று ஒரு பெண் சொல்ல, இன்னொருவர் செம்போடு செத்த வீட்டுக்கு ஓடியிருக்கிறார். பிறகு நான் போய் மகன்மாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து நிலோஜன் எங்கள் ஒழுங்கையில் மைக்கை அணைத்துவிட்டுப் பறக்கிறார், அதனால் யார் செத்தாலும் எங்களுக்குத் தெரிவதில்லை, இரண்டு செத்த வீடு தவறிவிட்டது என்று தங்கள் அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒன்பதாம் நாள் உலகமே செத்துக் கிடந்தது. ஒரு குரல் இல்லை, ஒரு கீச்சு இல்லை. செட் பழுது என்று எண்ணி அதைக் கழற்றிக் கட்டில் முழுக்கப் பரப்பினேன். மாலையில்தான் சூரியன் வெடித்துச் சீறியதால் பூமியின் பகல் பக்கம் முழுவதும் அடைபட்டிருந்தது என்று அறிந்தேன். பூட்டும்போது மூன்று ஆணி மிஞ்சியது.

நேற்று என்ன காரணம்? நேற்று அலைவரிசை படலை திறந்த வளவுபோலக் கிடந்தது. பின்லாந்து வந்தது, போலந்து வந்தது, பேர்கனிலிருந்து, தங்கள் ஊரிலிருந்தே, ஒருவர் பக்கத்து வீட்டிலிருந்து கதைப்பதுபோல் தன் நாய்க்குச் சுகமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாயின் வருத்தம்கூட எனக்குத் தெரிகிறது, உன் வருத்தம் தெரியவில்லை! தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது யோகரெத்தினம், இனி நீ என்றே எழுதுகிறேன். நீ வரவேயில்லை. அக்காவுக்குச் சாட்டுக்கு ஓம் என்று சொல்லிவிட்டு அங்கே கோப்பி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் இங்கே கிழவன் வியர்க்க வியர்க்கக் காதுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு குந்தியிருக்கிறேன். பதினொரு வருடம் கழித்து வரலாம் என்று நினைத்தாயானால் நல்லது, அப்போது நிலோஜனின் ஆட்டோ என் பெயரைச் சொல்லிப் போயிருக்கும்.

மேனுகாவும் பேரனும் சுகம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உனக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
க. சீனித்தம்பி

பி.கு.: உறையை ஒட்டமுன் உன் அக்கா வந்தாள். நீ நேற்றிரவு அவளிடம், “அத்தான் ஒருநாளும் கூப்பிடல்லக்கா. நான் பதினாலு நாளும் காதக் குடுத்துக்கிட்டு இருந்தன். எல்லாரும் கேக்கிறாங்க, அத்தான மட்டும் காணல்ல” என்று சொன்னாயாம்.

“நீங்க கூப்பிட்டீங்களா?” என்று என்னைக் கேட்டாள். சூரியப் புள்ளி என்று தொடங்கினேன்.

“அத விடுங்க. மைக்க அமத்திக் கூப்பிட்டீங்களா, இல்லையா?”

இல்லை மச்சான். நானும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ கூப்பிடுவாய் என்று நான், நான் கூப்பிடுவேன் என்று நீ. ஆகையால் மேலே குறிப்பிட்ட சூரியன், ரதீஸ், நிலோஜன், எல்லாரும் குற்றமற்றவர்கள்.

அன்றைக்கு நாற்பது நிமிடம் நான் பொறுத்திருக்கலாம். ஐயர் ஏசியிருப்பார், அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று கிழமையாகும், அதற்குள் பத்து மீற்றர் படுத்துவிடவும் கூடும். இப்போது மணி மூன்று இருபது. இன்றைக்கு நான்தான் கூப்பிடப்போகிறேன், சீனித்தம்பி என்ற பெயர் போனால் போகட்டும். இந்தப் பேனையை வைத்துவிட்டு மைக்கை எடுக்கிறேன். கேட்டால் உடனே பதில் சொல், காத்திருக்க வைக்காதே.