கதிரை இல்லாத ஒரே வீடு

வல்லாஹி, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் என் கட்டுப்பல் கொட்டியாரக் குடாவில் விழட்டும், சுறா போட்டுக்கொண்டு திரியட்டும்.

குறிஞ்சாக்கேணியில் எங்கள் ஒழுங்கையில் சுஹைரா என்றொரு பிள்ளை. ஐந்து மாதக் கர்ப்பம். புருஷன் முனீப் உப்பங்கழியில் இறால் பிடிப்பவன். அந்த மாதம் வலை வெறுமனே நனைந்து வந்தது. கிளினிக்கில் மருத்துவமாது, "இரத்தம் காணாது, பால் குடிக்க வேணும்" என்று சொல்லிவிட்டா. வறிய கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதாமாதம் பால்மா, பருப்பு, நெத்தலி வாங்கக் கொடுப்பனவு உண்டென்று மேலிடம் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்திருந்தது. ஆனால் வறுமையை நேரில் கண்டு உறுதிப்படுத்த வேண்டும்.

உறுதிப்படுத்த வந்தவர் வறுமை அளவீட்டு உத்தியோகத்தர் இராகுலன்.

வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்து அனுப்புவது எங்கள் ஒழுங்கையில் நடக்காத காரியம். சுஹைராவிடம் இருந்ததோ ஒரு பாய். முனீப் ஓடிவந்து என் நான்கு நீலக் கதிரைகளையும் பூப்போட்ட கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு போனான். பக்கத்து வீட்டு அஸ்மியா தின்னக் கொடுக்க ஒரு தட்டுத் தொதல் இனிப்புக் கொடுத்தாள்.

இராகுலன் கதிரையில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார், எழுதினார். "கதிரை நான்கு. கோப்பை ஆறு. தொதல்."

"சேர், அதெல்லாம் இரவல்."

"இரவல் தர ஆள் இருக்கிறது சமூக மூலதனம், தங்கச்சி. அதுக்கும் ஒரு நிரல் இருக்கு."

அயல் வீடுகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவென்று எழும்பினார். அவர் முன்படலையால் வெளியேற, கதிரைகள் பின்வேலியால் அடுத்த வீட்டுக்குப் போயின. இப்படி ஏழு வீடு. ஏழாவது வீட்டில் இருந்துகொண்டே, "கதிரை சுடுதே" என்றார்.

"வெயில், சேர்."

"இவ்வொழுங்கையில் வீட்டுக்கு வீடு நான்கு நீலக் கதிரைகள் காணப்படுவதால் வறுமை முற்றாக ஒழிந்துள்ளது" என்று எழுதிவிட்டு எட்டாவது வீட்டுக்கு வந்தார். அது என் வீடு. கதிரைகளும் கோப்பைகளும் வேலி தாண்டப் பிந்தி இன்னும் ஏழாவதில். அவர் நின்றார். நான் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தேன். மனிசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, இப்படியான வறுமை எவ்வளவு காலமா?"

"இண்டைக்குக் காலமையில இருந்துதான், சேர்."

"அது படிவத்தில கேக்கேல்ல. கொடுப்பனவு உங்களுக்குத்தான்."

"சேர், எனக்கு எழுபத்திரண்டு வயசு. நான் ஆம்பிளை."

"சுற்றறிக்கையில வயதெல்லை இல்லை. ஒருத்தருக்கும் குடுக்காட்டி ஒதுக்கீடு திரும்பிப் போயிடும். எத்தனை மாசம் எண்டு போட?"

"சுஹைராவுக்கு அஞ்சு."

"ஐந்து" என்று எழுதினார்.

அடுத்த மாதம் என் பெயருக்குக் கொடுப்பனவு வந்தது. நான் கெட்டவனில்லை. பால்மா, பருப்பு, நெத்தலி எல்லாம் வாங்கி நேரே சுஹைராவிடம் கொண்டுபோனேன். அவள் சும்மா அனுப்புவாளா? "இருங்கோ மாமா" என்று, மறுபடி இரவல் வாங்கி வைத்திருந்த என் கதிரையையே எனக்கு இழுத்துப் போட்டாள். பால்மா பெட்டியை வெட்டி, என் கோப்பையிலேயே கட்டிப் பால்தேத்தண்ணி தந்தாள். நெத்தலியும் பொரித்தாள். வேண்டாமென்று ஒருமுறை சொன்னேன். அதற்கு மேல் சொன்னால் அவமரியாதை. என்னைக் கண்டு அஸ்மியா வந்தாள். பயனாளியைக் கண்காணிக்க இராகுலனும் வந்தார். நாங்கள் எழும்பும்போது பெட்டியில் பால்மா அடியில்தான் கிடந்தது.

பயனாளி கிளினிக்குக்கு வந்தே ஆகவேண்டுமாம். போனேன். மருத்துவமாது சுஹைராவைத் தராசில் நிறுத்தா; அரைக் கிலோ குறைவு. என்னை நிறுத்தா, இரண்டு கிலோ கூட. என் கர்ப்பிணி அட்டையில் "திருப்திகரம்" என்று எழுதி ஒப்பமும் வைத்தா.

இதை ஆருக்கும் சொல்லுங்கோ; சொன்னது ஆரெண்டு மட்டும் வாயைத் திறந்திடாதேங்கோ. விசாரணை எண்டு திருகோணமலைக்கு இழுப்பாங்கள். எனக்கு இப்ப ஏழாம் மாதம். பஸ்ஸில குலுங்கக் கூடாதாம்.