எட்டு மணிக்குச் சாகுற மோடம்

இனிமே இந்த வீட்டுல நெட் நிக்கவே கூடாதுன்னு சபதம் போட்டுத்தான் நம்மாளு சொந்தமா மோடம் செய்ய உக்காந்தாரு. ஆளு டிவி ரிப்பேர்க்காரரு. கம்பெனி கொடுத்த மோடம் ரெண்டு வருஷமா தினமும் ராத்திரி எட்டு மணிக்கு டக்குனு செத்துரும். அரை மணி கழிச்சு தானா உயிர் வரும். அந்த அரை மணியில வேற வேலை இல்லாம சாப்பிட்டு முடிச்சிருவாரு.

ஏன் எட்டு மணிக்கு மட்டும்? ஒயரை மாத்தினாரு. மொட்டை மாடி ஏறினாரு. கம்பெனிக்கு ஏழு புகார் எழுதினாரு. அந்த ‘ஏன்’ மண்டையைக் குடைஞ்சுகிட்டே இருந்துச்சு.

கடைசில அந்த மோடத்தைப் பிரிச்சுப் பார்த்துட்டு மூடி, அதே மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சுட்டாரு. மூணு மாசமா சாப்பாட்டு மேஜை பூரா ஸ்க்ரூ. பொண்டாட்டி தட்டை மடியில வச்சு சாப்பிட்டா. அவ கணக்கு டீச்சர்.

"இது காப்பிதானே?"

"டீச்சரம்மா, பேட்டன்ட் இல்லாத பொருளைப் பார்த்து அதே மாதிரி செய்யறதுல தப்பில்ல."

"உள்ள ஓடுற புரோகிராம்?"

"அது எழுத்து. கம்பெனிக்காரன் காப்பிரைட். அதை எடுத்தாதான் திருட்டு. நான் ஒவ்வொரு வரியும் சொந்தமா எழுதினேன்."

"நிஜமா?"

"காப்பின்னு காட்டிட்டா மேஜையை இப்பவே காலி பண்றேன். இல்லேன்னா மேஜை எனக்கு."

அவ கையைத் துடைச்சுட்டு வந்தா. புது மோடத்துக்குப் பின்னாடி இருந்த குட்டிப் பட்டனை மூணு தடவை அழுத்தினா. அதுல இருந்த எல்லா விளக்கும் அணைஞ்சுது. பழசையும் அதே மாதிரி அழுத்தினா. அதுவும் படுத்துருச்சு.

"சரியான விடை நாப்பது பேருக்கும் ஒண்ணா இருக்கலாம். ரெண்டு பேப்பர்ல தப்பு ஒண்ணா இருந்தா, ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சிருவேன்."

நம்மாளு பழசுல இருந்த புரோகிராமை அப்படியே உருவிப் போட்டது வாஸ்தவம்தான். மூணு மாசத்துல ரெண்டே முக்கால் மாசம் பெட்டிக்கு பெயின்ட் அடிச்சுகிட்டு இருந்தாரு. ஆனா மாட்டிக்கிட்டதை விட வேற ஒண்ணு இப்போ குடைஞ்சுது.

"மூணு தடவை அழுத்தினா நிக்கும்னு எனக்கே தெரியாதே. உனக்கு எப்படித் தெரியும்?"

"தூசி தட்டும்போது தெரிஞ்சுது. ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு... வருஷமா?"

"நெட் இருக்கும்போது, சாப்பிடக் கூப்பிட்டா நீங்க என்னிக்கு வந்திருக்கீங்க?"

நம்மாளு ஸ்க்ரூ பொறுக்க ஆரம்பிச்சாரு.

"புரோகிராமை நீங்களே ஒழுங்கா எழுதுங்க"ன்னு சொன்னா அவ, தட்டை மேஜையில வச்சுகிட்டே. "அந்தத் தப்பை மட்டும் விட்டுராதீங்க. பட்டனைக் கொஞ்சம் பெருசா வைங்க, எனக்கு விரல் வலிக்குது."