‘மோசமாக்கு’ – சொற்றொடரில் அமைத்து எழுதுக

தமிழ் மிஸ் குடுத்த வார்த்தை இது. மத்தவங்க ஒரே வரியில முடிச்சுட்டாங்க. எனக்குக் கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு.

சிரிப்பு உண்டு, கண்டிப்பா. ஆனா இப்ப இல்ல. முதல்ல தேயிலைப் பாடம்.

பறிச்ச பச்சை இலையைச் சாக்குல அமுக்கி ரொம்ப நேரம் வெச்சா சூடேறிச் சிவந்துடும். ஃபேக்டரியில எடுக்க மாட்டாங்க. பாடம் முடிஞ்சுது. சிரிப்பு இன்னும் வரலை, பொறுங்க.

சனிக்கிழமை அம்மா சொன்னது இவ்வளவுதான்: "இலை வண்டி இன்னிக்குப் பன்னெண்டுக்கே வருதாம். அதை விட்டா திங்கக்கிழமைதான். மாமா ஊட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வா."

மாமா ஊடு மேட்டுல. ஃபோனைப் போட்டேன். கண்ணாடி இல்லாம மாமாவுக்கு ஃபோன்ல யார் பேருன்னு தெரியாது. இது தெரிஞ்சும் சொந்தக் குரல்ல பேச எனக்கு மனசு வருமா?

ஃபேக்டரியில இலை பார்த்து வாங்குற ஆபீசர் குரலை எடுத்தேன். மூக்குல பாதி, தொண்டையில பாதி.

"ஏனுங்க, வண்டி பன்னெண்டுக்கே வந்துருமுங்க."

அங்கயே வெச்சிருக்கணும்.

"நேத்து உங்க இலையில ஒரே தண்டுங்க. இன்னிக்கும் அப்படின்னா திருப்பி அனுப்பிருவமுங்க."

"ஐயோ சார், கட்டின மூட்டையைப் பிரிச்சு இப்பவே தண்டைப் பொறுக்கிடறனுங்க."

நாலு மூட்டை. மணி பதினொண்ணு.

இதுவரைக்கும் நடந்தது ‘கெடு’. ‘மோசமாக்கு’ இனிமேல்தான்.

சரிபண்ண வண்டி டிரைவர் குரல்ல கூப்பிட்டேன். கூடலூர்க்காரர், மலையாளம் கலக்கணும். "சேட்டா, தண்டொண்ணும் பிரஷ்னமில்லா. வேகம் மூட்டை கெட்டிக்கோ."

"ஆபீசரே தண்டுங்கறார், உனக்கென்னப்பா தெரியும்? நான் மேனேஜர்கிட்டயே கேட்டுக்கறேன்."

கேட்டா நான் காலி. அவர் நம்பர் தேடறதுக்குள்ள நானே மேனேஜர் ஆனேன். "லுக், தண்டு நோ பிராப்ளம். உடனே மூட்டை கட்டுங்க. வேணும்னா நானே நேர்ல வந்து பார்க்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எதுக்குச் சொன்னேன்னு இன்னும் தெரியலை.

"நேர்லயா சார்? நம்ம ஊட்டுக்கா?" மாமா ஃபோனை வைக்கவே இல்ல. அப்படியே அத்தையைக் கூப்பிட்டார். "ஏ புள்ள, இலையைப் போட்டுட்டு வா. மேனேஜர் வர்றாரு. சேவலைப் பிடி."

இலை வாசல் முழுக்க. அத்தை சேவல் பின்னால. மணி பதினொண்ணே முக்கால். வண்டி போயிட்டா அத்தனையும் திங்கக்கிழமைக்குள்ள சிவந்து குப்பைக்குத்தான்.

"சேவல் வேண்டாம், ஐ ஆம் வெஜிடேரியன்."

"அப்பப் பஜ்ஜி போடச் சொல்றனுங்க சார். புள்ள, அடுப்பைப் பத்த வை."

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால அம்மா. மைக்கே வேண்டாத குரல்.

"ஏன்டா, இன்னும் பல்லுகூட வெளக்காம யாருகிட்ட வெஜிடேரியன்?"

மாமா பக்கமிருந்து சேவல் மட்டும் ஏதோ சொல்லுச்சு.

"மேனேஜர் சார்," மாமா ரொம்ப மரியாதையாச் சொன்னார், "பல்லை அப்புறம் வெளக்கிக்கலாமுங்க. மேல வாங்க. மூட்டை கட்ட ஒரு ஆள் கொறையுது."