பெரிய துப்பாக்கிக்குச் சின்னத் தோட்டா

அபிராமபுரம், மதராஸ்
சர்வதாரி வருஷம், வைகாசி 9

சிரஞ்சீவி அனந்தராமனுக்கு, உன் அத்திம்பேர் சந்திரமௌலி மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா விஜயலக்ஷ்மியும் உயிரோடு இருக்கிறோம். 'சௌக்கியம்' என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இந்த வாரம் நடந்ததை நினைத்ததும் பேனா தானாகவே 'உயிரோடு' என்று எழுதிவிட்டது. டில்லியில் நீயும் உன் ஆம்படையாள் சுந்தரவல்லியும் குழந்தைகளும் ஆரோக்கியமாக இருக்க ஸ்ரீ கபாலீச்வரர் அருள் புரியட்டும். உனக்கு மட்டும் கொஞ்சம் குறைவாகப் புரிந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. காரணத்தைக் கேள்.

டில்லிக்கு மாற்றலானபோது, குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது என்று உன் பட்டாளத்துக் கைத்துப்பாக்கியை என் பெயருக்கு லைசென்ஸ் மாற்றி என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? பர்மாவில் உன் பக்கத்திலேயே விழுந்த உன் சிநேகிதன் கேப்டன் இனாயத், கடைசியாக உன் கையில் திணித்த துப்பாக்கி என்பதால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை. அதற்கு வேண்டிய பெரிய தோட்டா இப்போது மதராஸில் எங்கேயும் கிடைப்பதில்லை என்று உனக்கு எழுதினேன். எழுதியது என் தப்பு. நீ உடனே ஏதோ ஒரு கம்பெனி செய்த மாற்றுக் கருவியை வாங்கிப் பார்சலில் அனுப்பினாய். வேறு குழாய், வேறு மேல்மூடி, வேறு தோட்டாப் பெட்டி. 'அத்திம்பேர், இதைப் பொருத்திவிட்டால் அதே துப்பாக்கி கடுகு மாதிரி சின்னத் தோட்டாவைச் சுடும். ஆயிரம் தடவை சுட்டாலும் ஒரு தடவை தவறாது' என்று கூடவே ஒரு கடிதம். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோர்ட்டில் பொய்சாட்சி வழக்கு ஏதாவது வந்தால் மாதிரிக்குக் காட்டலாம்.

போன மாதம் எனக்கு ஒரு நோட்டீசு வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைப் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டுமாம். என்னைப் போல் குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கென்று லைசென்ஸ் வாங்கியவர்கள் அதிகாரி முன்னால் பத்துத் தோட்டா சுட்டுக் காட்ட வேண்டுமாம். அதில் எட்டுத் தோட்டாவாவது வெடிக்காவிட்டால் துப்பாக்கியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு உருக்கிவிடுமாம். உருக்கிவிடுவார்கள் என்று படித்ததும், வருஷாவருஷம் இனாயத் போன தேதியில் நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருப்பாயே, அது கண்ணுக்கு முன்னால் வந்தது. எப்படியாவது காப்பாற்றிவிடுவது என்று தீர்மானித்து, திருவல்லிக்கேணியில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் மெஹபூப் அலி சாயபுவைக் கூட்டிக்கொண்டு கொட்டிவாக்கத்துச் சவுக்குத்தோப்புக்குப் போனேன். அடையாற்றுப் பாலம் வரைக்கும் ஜட்கா, அப்புறம் மாட்டுவண்டி, அப்புறம் மணலில் நடை. மணல்மேட்டில் ஒரு மண்சட்டியை வைத்து நான் விசையை அழுத்தினேன். 'டக்.' மறுபடியும் 'டக்.' பத்துத் தோட்டாவில் மூன்று வெடித்தது. வெடித்த மூன்றிலும் காலித்தோட்டா வெளியே விழாமல் பாதியில் மாட்டிக்கொண்டு, சமையலறைப் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

மெஹபூப் அலி வெடிக்காத தோட்டா ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். "இன்னா சாமி, பெர்ய தோட்டாவுக்கு மருந்து நடு நெத்தியில கீது, பொட்டு வெச்சா மாறி. ஊசி நேரா போய் பொட்டுல அடிச்சா வெடிக்கும். இந்தச் சின்னதுக்கு மருந்து சுத்திவர ஓரத்துல கீது. ஓரத்துல அடிக்கணும். ஒரு எடத்துல மருந்து பரவாம இருந்திச்சின்னு வையி, அங்க அடிச்சா ஊமைதான். அதையே திருப்பிப் போட்டா வெடிச்சாலும் வெடிக்கும்."

"காலித்தோட்டா ஏன் மாட்டிக்கொள்கிறது?" என்று கேட்டேன்.

"யானை கட்ற கொட்டாய்ல ஆட்டைக் கட்டிட்டு, கதவைத் தள்ளுன்னா அது எப்டி சாமி தள்ளும்? தோட்டாவுக்குத் தெம்பு இல்ல. அதான் மூடி முழுசாப் பின்னால போவல."

ஆட்டுக்குத் தெம்பு வரவழைக்க முடியாதாகையால் அவர் கதவை இளக்கினார். இரண்டு நாள் கடையில் வைத்துக்கொண்டு, சுருள்வில்லில் ஒரு சுற்றை வெட்டி, ஊசியை அரத்தால் ராவி, எண்ணெய் போட்டுக் கொடுத்தார். மறுபடி தோப்புக்குப் போனோம். பத்தில் ஏழு! நான் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. இன்னும் ஒன்றுதானே, அதைக் கபாலி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். கபாலிக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்கிறது.

பரிசோதனையும் அதே தோப்பில்தான் நடந்தது. அதிகாரி இசக்கிமுத்து, திருநெல்வேலிக்காரர், ஜீப்பில் ஒரு கான்ஸ்டபிளோடும் நாலடுக்கு டிபன் கேரியரோடும் வந்து இறங்கினார். மிகவும் மரியாதை தெரிந்தவர். "வக்கீலய்யா, நீங்க பதறாம சுடுங்க. நமக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குடை நிழலில் உட்கார்ந்தார். நான் வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு சட்டியைக் குறி பார்த்தேன். முதல் தோட்டா, 'டக்.' மெஹபூப் அலி ஓடிவந்து அதை எடுத்துத் திருப்பிப் போட்டார். 'டக்.' இன்னொரு பக்கம் திருப்பினார். 'டக்.' அந்தத் தோட்டாவுக்குப் பக்கமே இல்லை போலிருக்கிறது. இரண்டாவது வெடித்தது, சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்துச் சவுக்குமரத்திலிருந்து ஒரு ஓணான் இறங்கி வேறு மரத்துக்குக் குடிபோயிற்று. காலித்தோட்டா வழக்கம்போல் நட்டுக்கொண்டது. அதைப் பிடுங்க என்னிடம் ஒன்றும் இல்லாமல் பூணூலில் கட்டியிருந்த சாவியால் நெம்பினேன். மூன்றாவது, 'டக்.' நாலாவதும் 'டக்'தான். இதற்குள் கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அனந்தராமா. இனாயத் உன்னை நம்பிக் கொடுத்தான், நீ என்னை நம்பிக் கொடுத்தாய், நான் இந்தக் கம்பெனியை நம்பி நடுமணலில் நிற்கிறேன்.

"சார், இது துப்பாக்கியின் குற்றமில்லை, இந்தக் கருவியின் குற்றம்" என்று வாதாடலாம் என்று அதிகாரியின் பக்கம் திரும்பினேன். முப்பது வருஷம் கோர்ட்டில் நின்ற பழக்கம். யாரிடம் பேசுகிறேனோ அவரைப் பார்த்துக் கையை நீட்டித்தான் பேச வரும். கையில் துப்பாக்கி இருந்தது. "ஏ, ஏ! கீழே பிடியும்வே!" என்று கத்திக்கொண்டு அதிகாரி குடையோடு ஜீப்புக்கு அடியில் பாய்ந்தார். நான் பதறிப்போய்க் கையைத் தாழ்த்தினேன். அந்த நாலாவது தோட்டா அவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு அப்போதுதான் வெடித்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிபன் கேரியருக்கு மட்டும் ஆயிற்று. கான்ஸ்டபிள் அதைத் திறந்து ஒவ்வோர் அடுக்காகப் பரத்தினான். தோட்டா முதல் அடுக்கில் சாம்பார் சாதத்தைக் கடந்து, இரண்டாவது அடுக்கில் உருளைக்கிழங்கைக் கடந்து, மூன்றாவது அடுக்கில் தயிர் சாதத்தில் களைத்துப்போய் நின்றுவிட்டது. இசக்கிமுத்து மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து அதை விரலால் நோண்டி எடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். "தயிர் சாதத்தத் தாண்டலியே வே இது!" என்றார்.

நான் கையைக் கூப்பி உன் கதை முழுவதையும் சொன்னேன். இனாயத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம், "வக்கீலய்யா, இத எடுத்துட்டுப் போயி ஆயுதம்னு நான் எழுதுனேன்னா, எங்க பெரிய தொரை என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிருவாரு. ஆயுதமே இல்லாததுக்கு லைசென்ஸ் எதுக்கு? பறிமுதல்தான் எதுக்கு?" என்று சொல்லி, ஜீப்பின் முன்மூடியில் காகிதத்தை வைத்து எழுதினார்: 'மேற்படி கருவி ஆயுதம் என்ற வரையறைக்குள் வராது. வீட்டுச் சாமானாக வைத்துக்கொள்ளத் தடையில்லை. லைசென்ஸ் ரத்து.' கையெழுத்து, முத்திரை. ஆக, உன் துப்பாக்கி பிழைத்தது. அப்பளக் குழவிக்கும் அதற்கும் இப்போது சட்டத்தின் முன் வித்தியாசம் இல்லை. நான் ஜீப்பிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அதிகாரி பசியில் பேசவில்லை.

சந்தோஷப்படாத ஒரே மனுஷர் மெஹபூப் அலிதான். "நான் கை வெச்ச துப்பாக்கி சுடாதுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துகினு போறான், நீ இன்னாடான்னா சிரிச்சிகினு கீறியே சாமி!" என்று கோபித்துக்கொண்டு அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இன்று காலையில்தான் கொண்டுவந்து கொடுத்தார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், முகத்தில் ஈயாடவில்லை.

இதனால் நீ அறியவேண்டியது: இந்த மாற்றுக் கருவியைப் போல் நம்பத்தகாத வஸ்து பூலோகத்தில் இன்னொன்று செய்யப்படவில்லை. அந்தக் கம்பெனிக்கு நீ இங்கிலீஷில் காரசாரமாக ஒரு கடிதம் எழுது. இதை வைத்துக்கொண்டு ஒரு ஈயைக்கூடப் பயமுறுத்த முடியாது என்று நான் சத்தியப் பிரமாணம் செய்யத் தயார் என்றும் அதில் சேர்த்துக்கொள். சுந்தரவல்லிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். வெயிலில் அலையாதே. எண்ணெய் தேய்த்துக் குளி. தீர்க்காயுசாக இரு.

உன் பிரியமுள்ள அத்திம்பேர்,
சந்திரமௌலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இதை எழுதுகிறேன். உன் அக்கா மொட்டைமாடியில் வடாம் காயவைத்திருந்தாள். காக்காய் ஓட்டக் கைக்கு எதுவும் அகப்படாமல், கூடத்து மேஜைமேல் கிடந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் மேலே காட்டி அழுத்தியிருக்கிறாள். படபடவென்று பத்து, அனந்தராமா! பத்தும்! ஒரு 'டக்' இல்லை, ஒரு காலித்தோட்டா மாட்டவில்லை. மெஹபூப் அலி ரோஷத்தோடு சரிசெய்து, தோட்டாவும் போட்டுக் கொடுத்ததை நான் எடுத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும் என்று இருந்துவிட்டேன். ஓடிப்போய்க் கேட்டால், "ஆயுதமே இல்லைன்னு சர்க்காரே எழுதிக் கொடுத்துடுத்துன்னு நீங்கதானே சொன்னேள்!" என்கிறாள். காக்காய்களுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டு ரிடையர்டு ஜட்ஜின் ரேடியோக் கம்பம் மட்டும், அவர் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய மாமரத்தில் சாய்ந்துவிட்டது. அவர் தலைப்பாகையும் கோட்டும் மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். என் வீட்டில் இப்போது பிரமாதமாகச் சுடுகிற ஒரு துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் இல்லை. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. கம்பெனிக்கு ஒன்றும் எழுதாதே. எழுதினால் நன்றி என்று எழுது. அடுத்த ரயிலில் நீ புறப்பட்டு வா. வரும்போது டில்லியிலிருந்து நல்ல வக்கீலாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா. என்னை நம்பி இந்தக் கேஸை ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லை.