திரை மூலையில் ஒரு பச்சை

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பச்சைத் திட்டு. நேற்று மாலை இல்லாதது.

ஜூட்சன் திரைக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். திட்டு உள்ளே இருந்தது. விளையாட்டில் பறந்து வந்த சிவப்பு விமானம் அந்த மூலைக்குள் நுழைந்ததும் கறிவேப்பிலை நிறமாகி, வெளியே வந்ததும் மறுபடி சிவந்தது.

காசு போட்டு ஆடும் ஆளுயரப் பழைய கேம் பெட்டி அது. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குக் கேம் கடை போடும் மூக்கன் முதலாளி, ஹட்டனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜூட்சனுக்குச் சோதனையாக அனுப்பியது. இது சரியானால் மற்றப் பெட்டிகளின் ரிப்பேரும் அவனுக்கே. சரியாகாவிட்டால் கடையை மூடிவிட்டுக் கொழும்பில் போன் கடை வேலை. மனைவி பெற்றீசியா பையைக்கூட அடுக்கிவிட்டாள்.

பெட்டி வந்தபோது திரையில் படமே இல்லை, நடுவில் வெள்ளையாய் ஒரு கோடு மட்டும். ஜூட்சனுக்கு அதைக் கண்டதும் ஒரே சந்தோஷம்.

"கோடு இருக்குன்னா பிக்சர் டியூபுக்கு உயிர் இருக்குக்கா. படத்த மேலயும் கீழயும் இழுக்குற சர்க்கிட்டுதான் படுத்துருச்சு" என்று எதிரே டீக்கடை வைத்திருக்கும் மீனம்மாவுக்கு விளக்கிக்கொண்டே, விரிசல் விட்ட ஈயப் புள்ளிகளை மறுபடி உருக்கினான். சுருட்டிய பாயை உதறியது போல் கோடு விரிந்து படமானது.

"அப்ப கொழும்பு இல்லதானே?" என்றாள் மீனம்மா.

"நாளைக்கு மொதலாளி வந்து பாத்துத் தலையாட்டணும்."

"ஆட்டுவாரு. நீங்க போயிட்டா என் பிளேன்டீய யாரு கொற சொல்றது?"

அது நேற்று. இன்றைக்கு இந்தப் பச்சை.

காரணம் ஜூட்சனுக்குத் தெரியும். டியூபின் கழுத்திலிருந்து மூன்று கதிர்கள் புறப்படுகின்றன. கண்ணாடியின் உட்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள். ஒவ்வொரு கதிருக்கும் ஒரு நிறம் சொந்தம். பக்கத்தில் காந்தம் இருந்தால் கதிர் வளையும்; சிவப்பு வீட்டுக்குப் போக வேண்டியது பச்சை வீட்டுக் கதவைத் தட்டும்.

மின்சாரம் ஓடும் கம்பிச் சுருளைத் திரைக்கு முன்னால் ஆரத்தி போல் சுற்றினான். இரும்பில் ஏறிய காந்தம் அதில் இறங்கிவிடும். திட்டு இறங்கவில்லை.

ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு. கழற்றினான். சத்தம் போனது, திட்டு போகவில்லை.

பூமியே ஒரு காந்தம்தானே என்று பெட்டியை வாசல் பக்கமாகத் திருப்பினான். பெட்டி பாதி வாசலை அடைத்தது. திட்டு அதே மூலையில்.

கடைசியாகப் பின்பக்கம் போய், டியூபின் கழுத்தில் நிறத்தைச் சரிக்கட்டும் வளையங்களைத் திருகினான். பச்சை கொஞ்சம் மங்கியது. பதிலுக்கு வானம் முழுவதும் சிவந்தது. விளையாட்டில் அது பட்டப்பகல்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாராம்.

"அக்கா, கடையப் பாத்துக்கங்க" என்று பெட்டிக்கும் நிலைக்கும் நடுவே பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தான்.

"மொகம் ஏன் இப்பிடி இருக்கு? நேத்து நல்லாத்தானே படம் ஓடுச்சு?"

"மூலையில பச்சையா இருக்குக்கா."

"தேயிலைக்காட்டுல பச்சையப் பாத்து அழுத மொத ஆளு நீங்கதான். போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

தூறலில் வரும் வழியெல்லாம் முதலாளிக்கு மூன்று கதிர்களையும் விளக்கினான். அவர் குடையை மட்டும் பார்த்து நடந்தார்.

கடைக்குள் நுழைந்ததும் ஜூட்சன் திரையைப் பார்த்தான். வலது மூலையில் பச்சை. இடது மூலையில் ஊதா. நடுவே, புத்தம்புதிதாய், ஒரு மஞ்சள்.

மூக்கன் முதலாளி குனிந்து பார்த்தார். "இது விமானமா, கிளியா?"

"விமானந்தான் மொதலாளி."

"சத்தத்தக் காணோம்?"

"அத நான்தான் கழட்டி வச்சிருக்கேன்."

"வானம் ஏன் செவந்து கெடக்கு?"

"அதுவும்... நான்தான்."

முதலாளி நிமிர்ந்தார். "நான் அனுப்பயில கோடாவது நேரா இருந்துச்சு தம்பி."

ஜூட்சன் தலையைக் குனிந்துகொண்டான். விளக்கம் சொல்லிப் பழகிய நாக்கு முதல் தடவையாகத் தடுமாறியது. "சுத்திவர ஒரு காந்தத் துண்டு கெடையாது மொதலாளி. எனக்கு வெளங்கல. வேற ஆளப் பாத்துக்கங்க."

கையில் பிளேன்டீ கிளாசுகளோடு மீனம்மா பெட்டியோரமாக ஒடுங்கி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், ஜூட்சனின் முகத்தைப் பார்த்தாள், கிளாசுகளை மேசையில் வைத்தாள்.

"மனச விடாதீங்க தம்பி, நேத்து நீங்க கை கழுவப் போனப்ப காசு போடுற கதவுக்குள்ள கைய விட்டுத் திரைக்கு அடியில உங்க அந்தோனியார மட்டுந்தான் ஒட்டி வச்சேன், அவருக்கு ஒத்தையில முடியலன்னு இப்பதான் எங்க முருகனையும் பிள்ளையாரையும் பக்கத்துல சேத்து ஒட்டியிருக்கேன், எல்லாம் பஸ்ஸுல ஒட்டுற சாமிங்க, நல்ல காந்தம், விழவே விழாது."