சூரியானந்தரின் ஃபேன்

இரண்டாயிரத்து எட்டாம் வருடம். சிவகாசிக்குக் கரண்ட் வருவது விருந்தாளி வருவது மாதிரி, வந்தாலும் தங்காது. அப்போதுதான் சாத்தூர் ரோட்டில் சூரியானந்தர் அவதரித்தார். வயது ஐம்பது. அவதாரத்துக்கு அது கொஞ்சம் தாமதந்தான்.

ஊரே வேர்த்து வழியும் மத்தியானத்தில் அவர் மடத்தில் மட்டும் ஃபேன் சுற்றும். பக்கத்தில் ஒரு செப்புத் தகடு. "சூரியன் இதுலதான் குடியிருக்கான்" என்பார். தகடு வாங்குகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை: சன்னலை எல்லாம் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சக்தி வெளியே ஒழுகிவிடுமாம். அடைத்தும் ஃபேன் சுற்றவில்லையா? எங்கோ ஓட்டை இருக்கிறது, தேடு. பக்தகோடிகள் தேடினார்கள். ஃபேக்டரி வேன்கள்கூட மடத்து வாசலில் நின்றுதான் போயின.

முத்துப்பேச்சி வெடிக் கம்பெனியில் சரக்கை வெயிலில் காயப்போடுகிறவள். தன் புது வீட்டுக்குக் கொத்தனாரிடம் மல்லுக்கட்டி எதிரெதிரே இரண்டு சன்னல் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் தகடு வாங்கிவந்த கையோடு இரண்டையும் செங்கல் அடுக்கி அடைத்துவிட்டார். மகள் ஓவியாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மறுநாள் கொத்தனார் வந்து பூசிவிட்டால் அவ்வளவுதான்.

"ஏங்க, பிள்ள வெந்துபோயிரும்."

"வாயக் கழுவு. சாமிகிட்டயே கேட்டுருவோம், வா."

மடத்தில் மூச்சுவிட இடமில்லை, முக்கால்வாசி வெடிக் கம்பெனி ஆட்கள். முத்துப்பேச்சி சாமியைப் பார்க்கவில்லை. சீடர் முனியராஜைப் பார்த்தாள். நாற்பது வயது ஆள். நெற்றி நிறைய விபூதி, நகக்கண்ணில் வெடிக்குப் போடும் அலுமினியப் பவுடர். அடடே, நம்ம காயப்போடுற ஆளு. அவர் கண்ணோ அடிக்கொருதரம் மாடிப்படிக்கே போனது. மேல என்னமோ இருக்கு.

அவள் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள்.

"தூத்தல் விழுது, ஓடியாங்க, மூடுங்க."

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். யார் பார்த்தார்கள்? சரக்கு நனைந்தால் அன்றைய கூலி போச்சு என்று வருடக்கணக்காக ஓடிய கால்கள். முனியராஜ் மூலையில் கிடந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஏறியது. மேலே கறுப்பாக நான்கு பலகைகள். என்ன ஏது என்று கேட்காமல் இழுத்து மூடி, ஓரத்தில் கல்லும் வைத்தார்கள்.

கீழே ஃபேன் நின்றது.

"தகடு இங்கனதான பளபளன்னு இருக்கு சாமி. ஃபேன் ஏன் நின்னுச்சு?"

"நம்பிக்கை இல்லாதவ வந்தா சூரியன் கோவிச்சுக்கிடுவான்."

"அப்படியா. மேல இருக்கவுக தார்ப்பாய எடுங்க."

எடுத்தார்கள். ஃபேன் சுற்றியது. மூடச் சொன்னாள், நின்றது. மூன்றாம் தடவை சங்கரபாண்டியனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏலே, இது சோலார் பேனலுலே. தேவமணி டீச்சர் வீட்டு மாடியிலயும் இருக்கு."

சாமிக்கு வேர்த்து ஊற்றியது. சன்னலை அடைத்த மடம் அல்லவா.

அன்று சாயங்காலமே செங்கல் இறங்கியது. காற்று ஒரு சன்னலில் நுழைந்து மறு சன்னலில் போனது. ஓவியா நிம்மதியாகத் தூங்கினாள். சங்கரபாண்டியன் பேனல் விசாரிக்க டீச்சர் வீட்டுக்குப் போனார். தகடு இப்போது குழம்புச் சட்டிக்கு மூடி.

பேனலை மூடினால் ஃபேன் நிற்கும் என்று கண்டுகொண்டோம், சரி. இத்தனை வருடம் நம் மண்டையை அல்லவா மூடி, மேலே கல்லும் வைத்திருக்கிறோம்? வெடிக்குக் காட்டுகிற வெயிலை அதற்கும் கொஞ்சம் காட்டுங்கள்.